நேர்முகத் தேர்வும் நம் தன்மானமும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் வேலைவாய்ப்பு வழிகாட்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கழகம் தோன்றியபோது நம் கவலையெல்லாம் பள்ளி வாசலைப் பற்றியதாகவே இருந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்; சேர்த்த பிள்ளை இடையில் நின்றுவிடாமல் காக்க வேண்டும். இன்று வணிகவியலிலும் பொருளியலிலும் பட்டம் பெற்றவர்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர். எழுத்துத் தேர்வு எழுதித் தேறுகின்றனர். அதன் பின் ஒரு மூடிய கதவின் முன் நிற்கின்றனர். அக்கதவுக்கு அப்பால் நான்கைந்து பேர் அமர்ந்திருக்கின்றனர். கால் மணி நேரத்தில் அவர்கள் சொல்லும் சொல்லும் இடும் மதிப்பெண்ணும் ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அந்த அறையில் ஏளனத்தையோ கடுஞ்சொல்லையோ சந்திக்க நேர்ந்தால் என் செய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வங்கி, காப்பீடு, தணிக்கை, பங்கு வணிகம் ஆகிய நிதித் துறைகளை நாம் தனியாக எடுத்துப் பேசக் காரணம் உண்டு. பணத்தைக் கையாளும் வேலை நம்பிக்கையின் பெயரால் தரப்படும் வேலை. 'இவரை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாமா?' என்ற கேள்வி அங்கே எப்போதும் உண்டு. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்பதைச் சாதியே நெடுங்காலம் முடிவு செய்து வந்த நாடு இது. ஆதலால் வேறு துறைகளில் மறைந்து நிற்கும் தப்பெண்ணம் இத்துறையில் சற்று வெளிப்படையாகவே வந்து நிற்கிறது.

1955இல் இம்பீரியல் வங்கி பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. 1969 சூலை 19இல் 14 வங்கிகளும், 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமையாயின. அதன் விளைவாகவே வங்கி வேலை என்பது உறவினர் வழியும் தெரிந்தவர் வழியும் கிடைப்பது என்ற நிலை மாறிப் பொதுத் தேர்வும் இட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தன. நம்மவர் வங்கிப் படியேறிய வழி அதுவே. அவ்வழியில் கடைசித் தடையாக நிற்பது நேர்முகத் தேர்வு.

அதன் எடையை முதலில் கணக்கிட்டு அறிவோம். பொதுத்துறை வங்கிகளுக்கு 2011 முதல் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் பொது எழுத்துத் தேர்வு நடத்தி வருகிறது. எழுத்தர் பணிக்கு நேர்முகம் இல்லை. அதிகாரிப் பணிக்கு உண்டு. முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்பது விகிதம். நேர்முகத்தில் 100க்கு 40 பெற வேண்டும். நமக்கும் பிற ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 35 போதும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 பெற்றவருக்கு இறுதிப் பட்டியலில் சேர்வது 7. 80 பெற்றவருக்குச் சேர்வது 16. இடைவெளி 9. இந்த ஒன்பதை எழுத்துத் தேர்வில் ஈடுகட்ட வேண்டுமாயின் அங்கே நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல் கூடுதலாகப் பெற்றிருக்க வேண்டும். ஆகவே 'எழுத்தில் தேறிவிட்டேன், நேர்முகம் வெறும் சடங்கு' என்று எவரும் எண்ண வேண்டா. 'நேர்முகத்தில் என்னைக் கவிழ்த்துவிட்டால் எல்லாம் போயிற்று' என்று அஞ்சவும் வேண்டா. எழுத்துத் தேர்வே பெரும்பகுதி; அது முழுவதும் நம் கையில் இருக்கிறது.

நேர்முக மதிப்பெண் எவ்வளவு தூரம் ஒருவரைத் தள்ளக்கூடும் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 1950இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அச்சுதானந்த தாஸ் அவர்கள், பட்டியல் இனத்திலிருந்து அப்பணிக்கு வந்த முதல் மனிதர். எழுத்துத் தேர்வில் அவர் பெற்றது 1050க்கு 613. நேர்முகத்தில் அவருக்கு இட்டது 300க்கு 110. அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் எழுத்தில் பெற்றது 602. நேர்முகத்தில் பெற்றது 260. இதற்கு உரை விளக்கம் வேண்டுவதில்லை.

உச்ச நீதிமன்றமும் இதனைக் கண்டுள்ளது. 1981இல் அஜய் ஹாசியா வழக்கில், சீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை பற்றிய முறையீடு வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று மணித்துளிகளே நேர்முகம். கேட்ட கேள்விகளோ பெற்றோர் யார், ஊர் எது என்பன. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தகைய சேர்க்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்குத் தருவது தகாது என்றும், நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்தல் விரும்பத்தக்கது என்றும் நீதிமன்றம் கூறியது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு. வேலைக்கு அந்த அளவு அப்படியே பொருந்தாது. எனினும் ஒன்று தெளிவாயிற்று. நேர்முகம் நடத்துவோரின் விருப்பு வெறுப்பு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் மனக்குறை மட்டுமன்று. நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்பிய உண்மை. 2016 சனவரி முதல் மைய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே நீக்கப்பட்டதும் இத்திசையில் வந்த மாற்றமே.

இனி அறைக்குள் செல்வோம். கடுமை எல்லாம் ஒரே வகையன்று. அதனை மூன்றாகப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, சோதிக்கும் கடுமை. இரண்டு, பண்பற்ற கடுமை. மூன்று, சாதிக் கடுமை. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. முதலாவதை மூன்றாவதாக எண்ணிச் சினந்தால் வேலையை இழப்போம். மூன்றாவதை முதலாவதாக எண்ணிச் சகித்தால் தன்மானத்தை இழப்போம்.

சோதிக்கும் கடுமை நிதித் துறைக்கே உரியது. கடன் மறுக்கப்பட்ட வாடிக்கையாளர் நாளை மேசையைத் தட்டிக் கூச்சலிடுவார். அப்போது இவர் நிலைகுலைவாரா என்று பார்ப்பதற்காகவே வேண்டுமென்று குறுக்கிடுவார்கள். சொன்ன விடை சரியாயிருக்கும், 'தவறு' என்பார்கள். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். தனியார் நிதி நிறுவனங்களில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: 'தேய்மானம் 10 ரூபாய் கூடினால், வரி 30 விழுக்காடு என்றால், மூன்று கணக்கறிக்கைகளிலும் என்ன மாறும்?' இலாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்திய இலாபம் 10 குறையும். வரி 3 குறையும். நிகர இலாபம் 7 குறையும். ரொக்க ஓட்ட அறிக்கையில் 7 குறைந்து, தேய்மானம் 10 மீண்டும் கூட்டப்படுவதால் ரொக்கம் 3 கூடும். இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 3 கூடி, நிலைச் சொத்து 10 குறைந்து, மொத்தச் சொத்து 7 குறையும்; மறுபக்கம் நிறுத்திவைத்த இலாபமும் 7 குறையும். இரு பக்கமும் ஒத்துவிட்டது.

இதைச் சொன்ன பின்னும் ஒருவர் முகத்தைச் சுளித்து 'இதுகூடத் தெரியாதா?' என்கிறார் என்று கொள்வோம். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே. மனத்துக்குள் ஒரு முறை கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பின், 'ஐயா, மறுமுறை சரிபார்த்தேன். இரு பக்கமும் 7 குறைந்து ஒத்துவருகின்றன. வேறு அனுமானம் கொள்ள வேண்டுமாயின் சொல்லுங்கள், அதன்படி போடுகிறேன்' என்று அமைதியாகச் சொல்ல வேண்டும். அஞ்சி விடையை மாற்றுகிறவரைத்தான் அவர்கள் தள்ளுவார்கள். உண்மையிலேயே பிழை இருந்தால் உடனே ஒப்பித் திருத்துக. தெரியாவிட்டால் 'தெரியவில்லை, ஐயா' என்க. கணக்குத் துறையில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கேள்வி ஆங்கிலத்தில் விரைந்து வந்து புரியாவிட்டால் மீண்டும் சொல்லுமாறு கேட்பது குறையாகாது.

இரண்டாம் வகை பண்பற்ற கடுமை. அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவரோடு பேசிச் சிரிப்பார். காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்த களைப்பில் எரிந்து விழுவார். இது எல்லாச் சாதியாருக்கும் நேர்வது. இதனை நம்மைப் பற்றிய தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. விடையைக் கேட்கும் ஒருவர் குழுவில் இருப்பார். அவரை நோக்கிச் சொல்லுக. குரலை உயர்த்தவும் வேண்டா, தாழ்த்தவும் வேண்டா. பெண் பிள்ளைகளிடம் 'எப்போது திருமணம், பிள்ளை பிறந்தால் வேலையை விடுவாயா?' என்று கேட்கும் பழக்கமும் இவ்வகையே. 'இப்பணியின் இடமாற்ற விதிகளைப் படித்து, ஏற்றுத்தான் விண்ணப்பித்தேன்' என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் தம் இல்வாழ்வை எந்தப் பெண்ணும் அங்கே விளக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

மூன்றாம் வகையே நம் நெஞ்சில் முள்ளாய்த் தைப்பது. அது பெரும்பாலும் வசைச் சொல்லாக வருவதில்லை. நயமான கேள்வியாக வருகிறது. 2007இல் வெளியான ஆய்வுகள் இதனைப் பதிவு செய்துள்ளன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 ஆகவே இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, காதரின் நியூமன் ஆகியோர் பணியளிப்போரைச் சந்தித்துக் கேட்டபோது, 'குடும்பப் பின்னணி' பார்ப்பது வழக்கம் என்று அவர்கள் சொன்னார்கள். அஷ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் பல்கலைக்கழக மாணவரைப் பின்தொடர்ந்து கேட்டபோது, ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவரிடம் ஒதுக்கீட்டைப் பற்றியே நேர்முகத்தில் வினவுவது தெரியவந்தது. ஆகவே இக்கேள்விகள் வரும் என எதிர்பார்த்து, விடையை வீட்டிலேயே ஆயத்தம் செய்துகொண்டு செல்வதே அறிவுடைமை.

'உன் தந்தை என்ன செய்கிறார்?' என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுக. தோல் பதனிடும் தொழிலாளி என்றால் அப்படியே சொல்லுக. துப்புரவுப் பணியாளர் என்றால் அப்படியே சொல்லுக. உழைத்து உண்டவனின் பிள்ளை தலைகுனிய என்ன இருக்கிறது? சொல்லும்போது குரல் மங்கினால்தான் கேட்டவர் வென்றார். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துக. இரக்கத்தை வேண்டுவது போல் நீட்ட வேண்டா.

'ஒதுக்கீட்டில் வருகிறாயே, வேலைக்குத் தகுதி உண்டா?' என்று கேட்டால், இப்படி விடை சொல்லலாம்: 'அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பு வகுத்த வழியில் விண்ணப்பித்துள்ளேன். எழுத்துத் தேர்வில் தேறி இங்கே வந்துள்ளேன். பேரேட்டில் பிழை நேர்ந்தால் எவருக்கும் சலுகை இல்லை என்பதை அறிவேன். பணியைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.' இதில் சினமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பேச்சு வேலைக்குத் திரும்பிவிட்டது.

'உங்கள் ஆட்கள் வாங்கிய கடனைக் கட்டுவதில்லையே, நீ எப்படி வசூலிப்பாய்?' என்பதும் நம் இளைஞர்கள் கேட்டு வந்த கேள்விகளில் ஒன்று. இங்கே சாதிப் பேச்சில் இறங்காமல் தொழிலறிவால் எதிர்கொள்க. 'தவணையோ வட்டியோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் அது வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடனாயின் இரு பயிர்ப் பருவங்கள் வரை பார்க்கிறார்கள். அவ்விதி கடன் வாங்கியவரின் சாதியைப் பார்ப்பதில்லை. வருவாய் வரும் காலமும் தவணைக் காலமும் பொருந்தாவிட்டால் எவர் கடனும் கெடும். நலிந்த பிரிவினருக்கு 12 விழுக்காடு கடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருப்பதும் தருமமாக அன்று. திருப்பித் தர வேண்டிய கடனாகவே.' இவ்வளவும் தெரிந்தவரை ஏளனம் செய்வது எளிதன்று. அப்போதும் ஏளனம் செய்தால், குழுவின் மற்ற உறுப்பினர் முன் குறைந்துபோவது அவரே.

ஓர் எல்லை உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் அதற்கு மேல் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. எழுந்து நின்று, 'இச்சொல் இத்தேர்வுக்குத் தொடர்பற்றது. இதனைப் பதிவு செய்துகொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லுக. தலைவர் தலையிட்டால் தொடர்க. இல்லையேல் வணக்கம் கூறி வெளியேறுக. அந்த வேலை போயிற்றே என்று வீட்டார் வருந்துவர். ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர் பிள்ளைதான். எங்கே நிறுத்துவது என்னும் முடிவு அவருடையது. வெளியில் இருக்கும் நாம் அதனைப் பழிக்கக்கூடாது.

இவ்விடத்தில் நம்மிடையே இருவேறு கருத்து உண்டு. பெரியோர் சிலர் 'பொறுத்துக்கொள், முதலில் நாற்காலியில் உட்கார், பிறகு பார்க்கலாம்' என்கின்றனர். வறுமையை அறிந்தவர் சொல்லும் சொல் அது. எளிதாகத் தள்ளுதற்குரியது அன்று. இளைஞர் சிலர் 'ஒரு சொல்லுக்கு ஒரு சொல் திருப்பிக் கொடு' என்கின்றனர். இழிவை அறிந்தவர் சொல்லும் சொல் அது. அதுவும் தள்ளுதற்குரியது அன்று. எங்கள் குழுவின் கருத்து இது: அறைக்குள் விடை வேலையைப் பற்றியதாக இருக்கட்டும், அறைக்கு வெளியே வழக்கு நீதியைப் பற்றியதாக இருக்கட்டும். முன்னதைத் தனியாள் செய்ய வேண்டும். பின்னதைத் தனியாள்மேல் சுமத்தக்கூடாது. கழகம் செய்ய வேண்டும்.

அதற்கான வழிகளைச் சுருங்கச் சொல்வோம். வெளியே வந்தவுடன், பேருந்து ஏறுமுன், நாள், நேரம், இருந்தவர்கள், கேட்ட கேள்வி, சொன்ன விடை அனைத்தையும் எழுதிக்கொள்க. மறுநாள் எழுதினால் சொற்கள் மாறிவிடும். எழுத்து மதிப்பெண்ணையும் நேர்முக மதிப்பெண்ணையும் பெற்று வைத்துக்கொள்க. பொதுத்துறை நிறுவனமாயின் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை செய்யும். அந்த நிறுவனத்தின் தலைமைக்கு எழுத்து மூலம் முறையிடுக. அரசியலமைப்பின் 338ஆம் உறுப்பின்படி அமைந்த தேசியப் பட்டியல் இனத்தோர் ஆணையத்துக்கு, விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அழைப்பாணை அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் 2021 முதல் மாநில ஆணையமும் இயங்குகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இழிசொல் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சொல்லப்பட்டதா என்ற கேள்வி அங்கே எழும். மூடிய அறையில் நடந்ததற்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞரைக் கலந்தே முடிவு செய்க. தனியார் நிறுவனத்தில் இட ஒதுக்கீடும் இல்லை, தகவல் உரிமையும் நேராகச் செல்லாது. அங்கே நம் குறிப்பேடும் கூட்டு முறையீடுமே துணை.

இனிக் கழகம் செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, மாதந்தோறும் ஒத்திகை நேர்முகம். நம்மவரில் வங்கியிலும் காப்பீட்டிலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் குழுவாக அமர்ந்து, வேண்டுமென்றே கடுமையாகக் கேட்க வேண்டும். அன்பானவர் வாயிலிருந்து அக்கேள்வியை ஒருமுறை கேட்டுவிட்டால், அயலார் வாயிலிருந்து வரும்போது அது பாதி வலுவை இழக்கும். இரண்டாவது, ஒரு பதிவேடு. எந்த ஆண்டு, எந்தத் தேர்வில், என்ன கேட்டார்கள் என்பது அதில் ஏற வேண்டும். தனி ஒருவரின் முறையீடு குமுறலாகக் கேட்கும். பத்து ஆண்டுப் பதிவேடு சான்றாகக் கேட்கும். மூன்றாவது, பயணத்துக்கும் ஒரு நல்ல உடைக்கும் சிறு நிதி. இரவெல்லாம் நின்றுகொண்டே பயணம் செய்து, பசியோடு அறைக்குள் நுழைந்தவனிடம் அமைதியை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பெற்றோர்களே, பிள்ளை தேர்வாகாமல் திரும்பினால் 'நீ என்ன தப்பாகப் பேசினாய்?' என்று முதற்கேள்வி கேட்காதீர்கள். 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். பிறகு அவனே சொல்வான்.

இறுதியாக அண்ணலை நினைப்போம். வெளிநாட்டில் பொருளியல் பயின்று 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த டாக்டர் அம்பேத்கரின் மேசைமேல் ஏவலர்கள் கோப்புகளைத் தூக்கி எறிந்தனர். தங்கியிருந்த விடுதியிலிருந்து அவரைத் துரத்தினர். அவ்வூரில் தலைசாய்க்க இடமின்றி அவர் வெளியேறினார். அதே மனிதர் 1923இல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றி இலண்டனில் நூல் வெளியிட்டார். 1925இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் அமர்ந்து, அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை பகர்ந்தார். எட்டாண்டு இடைவெளியில் நாட்டின் சாதி மாறிவிடவில்லை. ரூபாயைப் பற்றி அவரைக் கேட்காமல் இருக்க முடியாத நிலையை அவருடைய அறிவு உண்டாக்கிற்று. பரோடாவில் நடந்ததையும் அவர் மறந்துவிடவில்லை. எழுதி வைத்தார், நாம் படிக்கிறோம்.

இளைஞர்களே, இரண்டையும் செய்யுங்கள். அவர்கள் கேட்டே தீர வேண்டிய அளவுக்குப் படியுங்கள். அவர்கள் கேட்கக்கூடாததைக் கேட்டால் எழுதி வையுங்கள். மற்றதை உங்களோடு சேர்ந்து செய்யக் கழகம் இருக்கிறது.